மொகிலி இறக்கத்தில் அடித்த மணி

என் அண்ணன் ஜெபதாஸ் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. சுவரில் படம் மாட்டிக் கொண்டாடும் அளவுக்கு அவன் பெரிய மனுஷன் இல்லை. முதலில் டிரைவர், பிறகு பிரேக் ஃபிட்டர், அவ்வளவுதான். ஆனாலும் சித்தூர் சபையில் அவனைப் பற்றி இன்றைக்கும் இரண்டு பேச்சு உண்டு. குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பெண்டாட்டியைக் கொன்றான் என்பது ஒன்று. அது பொய் என்று சபையே ஒப்புக்கொண்ட பிறகும் சில வாய்கள் அதை விடவில்லை. அவன் கல்நெஞ்சுக்காரன், மன்னிக்கத் தெரியாதவன் என்பது இன்னொன்று. அது உண்மை. எப்படி உண்மையாயிற்று என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நான் அவன் தங்கை ஞானமணி. மிஷன் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் பிள்ளைகளை மிரட்டியவள். எனக்கு வாய் நீளம் என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டாவது உலகச் சண்டைக்கு முந்தின வருஷங்களில் எங்கள் மிஷனுக்கு ஒரு மருந்து வண்டி இருந்தது. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை, குடும்பத்தோடு ஊர் சுற்றும்போது படுத்துத் தூங்குவதற்காகச் செய்து வைத்திருந்த டிரெய்லர் அது. இரண்டு சக்கரம், மர உடம்பு, உள்ளே மடக்குக் கட்டில், பக்கத்துக்கு ஒரு ஜன்னல், முன்னால் ஒரு சின்ன ஜன்னல். மிஷன்காரர்கள் கட்டில்களை எடுத்துவிட்டு மருந்து அலமாரி வைத்தார்கள். அதை ஒரு திறந்த மோட்டாரின் பின்னால் கட்டிக்கொண்டு, பலமனேர் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் அண்ணன் ஓட்டிப் போவான். நர்சு அவன் மனைவி கிருபாவதி. ஆத்திர அவசரத்துக்கு வண்டியை நிறுத்தச் சொல்ல, டிரெய்லருக்குள்ளிருந்து ஒரு கயிறு போய், டிரைவர் காதருகே ஒரு பித்தளை மணியில் முடியும். அண்ணி அதைச் சும்மாவும் இழுப்பாள். ரோட்டோரம் நல்ல மாங்காயைப் பார்த்தால் இழுப்பாள். "இன்னாடி?" என்று இவன் கத்துவான். "ஒண்ணுமில்ல, தூங்கிட்டியான்னு பாத்தேன்" என்பாள் அவள்.

அந்த டிரெய்லருக்கென்று தனியாகப் பிரேக் உண்டு. மோட்டாரின் பிரேக்கைக் காலால் அழுத்தினால் கம்பி இழுத்து டிரெய்லர் சக்கரங்களையும் பிடிக்கும். ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் ஒரு இரும்பு டிரம். அதற்குள் பிறை வடிவத்தில் இரண்டு ஷூ. ஷூவின் முதுகில் லைனிங் என்று ஒரு பட்டையை ரிவிட் அடித்து வைத்திருக்கும். அந்தப் பட்டை டிரம்மை உரசித்தான் வண்டி நிற்கிறது. உயிர் அந்தப் பட்டையில்தான் இருக்கிறது என்று அண்ணன் சொல்வான். எனக்கு இதெல்லாம் தெரியாமல் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மிஷன் ஒர்க் ஷாப்பின் மேஸ்திரி கிருபானந்தம். சபைக் கமிட்டியிலும் பெரிய ஆள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு முதல் பெஞ்சில் உட்காருவான். அவனை 'அவர்' என்று எழுத என் பேனா மறுக்கிறது, படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒர்க் ஷாப்பில் ஒரு வழக்கம் இருந்தது. டிரெய்லருக்குப் பிரேக் போட்டவன், தான் போட்ட ஷூவில் தன் முத்திரையைக் குத்த வேண்டும். அதோடு முதல் மலை இறக்கத்தில் டிரெய்லருக்குள் அவனே உட்கார்ந்து வர வேண்டும். வேலை சுத்தமாக இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு உலகத்தில் கிடையாது. தன் உயிரை வைத்து எவன் தில்லுமுல்லு செய்வான்?

நாற்பத்தொன்றாம் வருஷம் ஆகஸ்டு மாதம். லைனிங் தேய்ந்துவிட்டது என்று அண்ணன் மூன்று முறை எழுதிக் கேட்டு, மதராசிலிருந்து இரண்டு சக்கரத்துக்கும் புது லைனிங் வந்தது. சண்டைக் காலத்தில் அது கிடைத்ததே பெரிய விஷயம். மேஸ்திரி அதை எடுத்துக்கொண்டு பலமனேருக்கே வந்து, மிஷன் பங்களா ஷெட்டில் ஒரு நாள் பூராவும் வேலை செய்தான். மறுநாள் காலை மருந்து வண்டி மொகிலி கணவாய் இறங்கிச் சித்தூர் போக வேண்டும். வழக்கப்படி மேஸ்திரி உள்ளே உட்கார்ந்தான். அண்ணிக்கு மோட்டாரில் முன் சீட்டு. எல்லாம் சரியாக இருந்தது. வண்டி கிளம்பும் நேரத்தில் மேஸ்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். "வயித்து வலி தாங்கலடா ஜெபதாசு. நீங்க போய்க்கினு இருங்க. நான் பஸ்ல வரேன்" என்றான். மருந்துப் பாட்டில்கள் உருளாமல் பிடித்துக்கொள்ள உள்ளே ஒரு ஆள் வேண்டும். அண்ணி இறங்கிப் போய் டிரெய்லரில் ஏறிக்கொண்டாள்.

கணவாயில் மூன்றாவது வளைவு வரைக்கும் ஒன்றுமில்லை. அதற்கப்புறம் அண்ணன் காலை அழுத்தியபோது டிரெய்லரின் இடது சக்கரம் மட்டும் பிடித்தது. வலது சக்கரம் அதுபாட்டுக்கு உருண்டது. ஒரு பக்கம் பிடித்து ஒரு பக்கம் பிடிக்காவிட்டால் டிரெய்லர் குறுக்கே திரும்பும். அண்ணி மணியை இழுத்தாள். அழுத்தினால் குறுக்கே திரும்புகிறது, விட்டால் பின்னாலிருந்து மோட்டாரைத் தள்ளுகிறது. அண்ணன் இரண்டுக்கும் நடுவில் தவித்துக்கொண்டிருக்க, மணி அடித்துக்கொண்டே இருந்தது. பதினேழு முறை அடித்தது என்று பின்னால் என்னிடம் சொன்னான். பதினெட்டாவது அடிக்கவில்லை. டிரெய்லர் ரோட்டோரப் பாறையில் மோதிக் கவிழ்ந்தது.

அவன் உள்ளே புகுந்து அண்ணியை இழுத்து வெளியே போட்டான். அலமாரியிலிருந்த ஸ்பிரிட் பாட்டில்கள் எல்லாம் உடைந்து அவன் மேலெல்லாம் கொட்டியிருந்தது. அப்போது பின்னாலேயே ஒரு பஸ் வந்து நின்றது. மேஸ்திரியின் மச்சானுடைய பஸ். அதிலிருந்து மேஸ்திரிதான் முதலில் இறங்கினான். வயிற்று வலியெல்லாம் போயிருந்தது. பெண்டாட்டியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் பக்கத்தில் போய், குனிந்து மோந்து பார்த்துவிட்டு, பஸ்ஸிலிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "குடிச்சிருக்கான்" என்றான்.

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. சபைக் கமிட்டி கூடியது. அண்ணன் தான் குடிக்கவில்லை, பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னான். மேஸ்திரி பைபிள் மேல் கை வைத்து, "என் வேலை நல்ல வேலை, பிரேக் நல்ல பிரேக்" என்றான். நாறின சட்டையை நாலு பேர் பார்த்திருந்தார்கள். டிரம்மைக் கழற்றிப் பார்க்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. போதகர் அண்ணனைச் சபைக்குப் புறம்பாக்கினார். இராப்போஜனம், அதாவது பந்தியில் சபையார் வாங்கும் அப்பமும் திராட்சரசமும், கிடையாது. கோயிலுக்குள் வரலாம், கடைசி பெஞ்சோடு சரி. அண்ணியை அடக்கம் பண்ணின அன்று கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வெளியே நின்றான். நான் உள்ளே இருந்து மண் போட்டேன். எனக்குப் பக்கத்தில் மேஸ்திரி நின்று மண் போட்டான்.

போலீஸ்காரர்கள் அவன் லைசென்சை இரண்டு வருஷம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். சபை ஒன்றையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அண்ணன் ரேணிகுண்டா போய் ஒரு லாரி ஒர்க் ஷாப்பில் சேர்ந்தான். வேறு எந்த வேலையும் வேண்டாம், பிரேக் வேலை மட்டும் கொடு என்று கேட்டு வாங்கிக்கொண்டான். ஐந்து வருஷம் அதே வேலை. ரேணிகுண்டாவிலிருந்து திருப்பதி அடிவாரம் வரை ஓடுகிற லாரி, பஸ் எல்லாம் அவனிடம்தான் வரும். லீவுக்குப் போனால் பார்ப்பேன், கறுத்த கையோடு டிரம்முக்கு முன்னால் குந்திக்கொண்டிருப்பான். சிரிப்பு கிடையாது. ஒரு நாள் கேட்டேன், "இன்னா அண்ணா, ஜென்மம் பூரா இதையே பாத்துக்கினு இருக்கப் போறியா?" என்று. "ஒரு பிரேக் எத்தினி விதமா கெட்டுப்போகும்னு தெரிஞ்சிக்கணும் ஞானம். அன்னிக்கு எந்த விதத்துல கெட்டுதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றான். கவிழ்ந்த டிரெய்லரைத் திரும்ப மேலே இழுத்துப் போய்ப் பலமனேர் பங்களா ஷெட்டில் பூட்டி வைத்திருந்தார்கள். பெட்ரோல் கிடைக்காத காலம், அதை யாரும் தொடவில்லை. மேஸ்திரி இரண்டு முறை வந்து சாவி கேட்டதாகவும், மிஷன் துரை எழுதிக் கொடுத்தால்தான் திறப்பேன் என்று சொல்லி அனுப்பிவிட்டதாகவும் காவல்காரன் எனக்குச் சொன்னான். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கும் தூக்கம் கெட்டது.

சண்டை முடிந்து, நாற்பத்தாறில் ஒரு புது டாக்டரம்மா வந்தாள். இளம் பெண், எங்கள் ஊர்க் கதை எதுவும் தெரியாதவள். மருந்து வண்டியை மறுபடி ஓட்ட வேண்டும் என்றாள். ஆசாரிகள் வந்து உடம்பைச் சரி செய்தார்கள். பிரேக்கை நானே பார்க்கிறேன் என்று மேஸ்திரி பறந்தான். ஆனால் வயசாகி அவன் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. டாக்டரம்மா நோயாளியைப் பார்ப்பது போல அந்தக் கையைப் பார்த்தாள். ரேணிகுண்டாவில் நல்ல ஃபிட்டர் ஒருவன் இருக்கிறானாமே, அவனைக் கூப்பிடுங்கள் என்றாள். பேர் கொடுத்தது யார் என்று கேட்கிறீர்களா? நான்தான். ஆஸ்பத்திரியில் எனக்குக் காது வலிக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள், அப்போது சொன்னேன். காதில் வலி எதுவும் இல்லை.

கிறிஸ்துமஸ் லீவு. நானும் அண்ணனோடு பலமனேர் போனேன். வலது சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கிக் கழற்றினான். டிரம் துரு ஏறிப் பிடித்திருந்தது. சுத்தியலால் ஓங்கி அடித்தால் விரிசல் விடும் என்று, மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றி மூன்று நாள் விட்டான். பின் பக்கத்துத் திருகாணியைத் தளர்த்தி ஷூவை உள்ளே வாங்கிக்கொள்ள வைத்தான். பிறகு மரச் சுத்தியால் சுற்றிலும் மெல்லத் தட்டினான். நாலாம் நாள் மத்தியானம் டிரம் கையோடு வந்தது.

உள்ளே லைனிங் இல்லை. தோல் இருந்தது. மாவு மிஷினில் ஓடுகிற பெல்ட்டை வெட்டி, ரிவிட் அடித்து வைத்திருந்தது. பாதி கருகி, மீதி கண்ணாடி மாதிரி வழுவழுத்துக் கிடந்தது. அண்ணன் விரலால் தடவினான். இடது சக்கரத்தைக் கழற்றினோம். அதில் மதராஸ் லைனிங், புதுசு, நெய்த நூல் கூடப் பிரியவில்லை. இரண்டு சக்கரத்து ஷூவிலும் மேஸ்திரியின் முத்திரை பளிச்சென்று இருந்தது. திருட்டு வேலைக்கும் பழக்கதோஷத்தில் முத்திரை குத்தியிருந்தான் பாவி.

மற்ற லைனிங் எங்கே போயிற்று என்று கேட்கவே வேண்டாம். மச்சானுடைய பஸ் அன்றைக்கு அந்த இறக்கத்தில் கொஞ்சமும் வழுக்காமல் வந்து நின்றதே, அதில் போயிற்று.

"எடுத்துக்கினு போலாம் அண்ணா. இப்பவே போதகர் ஐயா மூஞ்சில வீசலாம்" என்று நான் குதித்தேன்.

அண்ணன் ஷூவைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சண்டைக் காலம், லைனிங் பத்தல, தோல் தாங்கும்னு நெனச்சேன்னு சொல்லுவான். தப்பு பண்ணிட்டேன்னு அழுவான். எல்லாரும் சேந்து ஜெபம் பண்ணி அனுப்பிடுவாங்க. எனக்கு வேண்டியது அது இல்ல. தெரியாம பண்ணானா, தெரிஞ்சு பண்ணானா? நெசமாவே வயித்து வலியா, இல்ல இது பிடிக்காதுன்னு தெரிஞ்சு எறங்கி, அவளை ஏத்தி வுட்டானா? அது இந்தத் தோல்ல எழுதியில்ல, ஞானம். அவன் வாயில இருக்குது."

"அவன் சொல்லுவானா?"

"சொல்ல வெப்பேன்."

அவன் முகத்தைப் பார்த்து எனக்கு ஒரு நிமிஷம் பயமாக இருந்தது. அந்தத் தோலை அப்படியே மாட்டி, மேஸ்திரியை உள்ளே ஏற்றி, அதே பாறையில் கொண்டுபோய் மோதப் போகிறானோ என்று நினைத்தேன். மறைக்க மாட்டேன், அப்படிச் செய்தால்தான் என்ன என்றும் நினைத்தேன். ராத்திரி சோறு தின்னும்போது சொல்லியே விட்டேன். "தோலையே திரும்பப் போட்டுடேன் அண்ணா" என்றேன். அவன் என்னை அடிக்கிற மாதிரி பார்த்தான். "அப்புறம் அவனுக்கும் எனக்கும் இன்னாடி வித்தியாசம்? என் கையால கெட்ட பிரேக் போடமாட்டேன்" என்றான்.

அடுத்த மூன்று நாள் அவன் செய்த வேலையை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். டிரம்மின் உள் பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரியும்படி பண்ணினான். அச்சிலிருந்து கிரீஸ் கசியாதபடி புது ஃபெல்ட் வளையம் வைத்தான். லைனிங்கில் ஒரு சொட்டு கிரீஸ் பட்டாலும் தூக்கிப் போட வேண்டியதுதான் என்று, என்னைக் கை கழுவாமல் கிட்டே வர விடவில்லை. ரேணிகுண்டாவிலிருந்து கொண்டுவந்த நாலு புது ஷூவுக்குப் புது லைனிங்கை நடுவிலிருந்து ஓரத்துக்கு ரிவிட் அடித்துக்கொண்டே போனான். ஓரத்திலிருந்து அடித்தால் நடுவில் உப்பிக்கொள்ளுமாம். டிரம்முக்குள் சாக்குக்கட்டியைத் தடவி, மாட்டிச் சுற்றிக் கழற்றி, லைனிங்கில் வெள்ளை பட்ட இடத்தை மட்டும் அரத்தால் எடுத்தான். முழுசும் ஒன்றுபோல வெள்ளை படும் வரைக்கும் விடவில்லை. கடைசியாகத் திருகாணியை இறுக்கி, சக்கரம் உரசும் சத்தம் கேட்டதும் ஒரு பல் தளர்த்தினான். ஐந்து வருஷமும் இந்த மூன்று நாளுக்காகத்தான் படித்தானோ என்னவோ. தோல் அடித்த பழைய ஷூக்களை ஒரு தகரப் பெட்டியில் போட்டு, டிரெய்லரில் மேஸ்திரி உட்காரும் பலகைக்கு அடியில் தள்ளி வைத்தான்.

டாக்டரம்மா கூலி பேச வந்தபோது, "கூலி வேணாம்மா. மொத ஓட்டம் நான் ஓட்டறேன். ஒர்க் ஷாப் வழக்கப்படி மேஸ்திரி உள்ளே உக்காரணும்" என்றான். அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஒர்க் ஷாப் வேலைக்கெல்லாம் பொறுப்பு மேஸ்திரிதானே.

ஜனவரி முதல் வாரம், ஒரு புதன்கிழமை காலை. போதகர் சித்தூரிலிருந்து வந்து வண்டிக்கு ஜெபம் செய்தார். கூடவே மேஸ்திரி வெள்ளைக் கோட்டில் வந்திருந்தான். அண்ணனைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. ஆனால் அத்தனை பேர் நடுவில் ஒன்றும் காட்டவில்லை. ஆமென் சொல்லி முடித்ததும் அவன் டிரெய்லர் படியில் ஒரு காலை வைத்தான். அண்ணன் கிட்டே போய்க் கையைப் பிடித்து ஏற்றிவிடுவது போலக் குனிந்தான். உள்ளே ஏற்கெனவே உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும்தான் அது கேட்டது.

"டிரம் துருப்புடிச்சி வரவே இல்ல மேஸ்திரி. தொறக்கல. நீங்க போட்டதுதானே, கெட்டியா இருக்கும்னு அப்பிடியே வுட்டுட்டேன்."

அண்ணன் பொய் சொன்னான். நான் அறிந்து அவன் வாழ்நாளில் சொன்ன ஒரே பொய். அதை அவன் கண் சிமிட்டாமல் சொன்னான்.

மேஸ்திரியின் கால் படியிலேயே நின்றுவிட்டது. பிரேக் மாற்றவில்லை என்று கத்தலாம். கத்தினால், நீ சத்தியம் பண்ணின நல்ல பிரேக்தானே, அதற்கென்ன பயம் என்று கேட்பார்கள். அவன் கண்கள் அங்குமிங்கும் ஓடின. கை வயிற்றுக்குப் போயிற்று. "எனக்கு வயித்து..." என்றான்.

"இன்னா மேஸ்திரி, மறுபடியுமா?" என்றேன் நான், எல்லோருக்கும் கேட்கும்படி.

போதகர் திரும்பிப் பார்த்தார். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, வாங்க மேஸ்திரி, நேரமாகுது என்றாள். அவன் ஏறினான். அண்ணன் கதவைச் சாத்தி வெளிக் கொண்டியைப் போட்டான்.

மோட்டாரில் அண்ணன், பக்கத்தில் போதகர், பின் சீட்டில் டாக்டரம்மா. டிரெய்லரில் நானும் அவனும். நான் முந்தானையில் முடிந்து வைத்திருந்த வேர்க்கடலையை எடுத்து உரித்துத் தின்ன ஆரம்பித்தேன். அவன் கயிற்றுக்குப் பக்கத்தில் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கணவாய் முனையில் வண்டியை நிறுத்தி அண்ணன் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினான். "ஞானம், நீ எறங்கிடேன்" என்றான் மேஸ்திரி மெதுவாக. என் மேல் அக்கறை! "எதுக்கு? நல்ல பிரேக்தானே" என்றேன். அந்தக் கணத்தில் அவன் கொஞ்சம் மனுஷனாக இருந்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் அண்ணியிடம் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நினைத்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது.

இறக்கம் ஆரம்பித்தது. முதல் வளைவு. இரண்டாவது வளைவு. வாசனை வந்தது. புது லைனிங் முதல் தடவை சூடேறும்போது ஒரு கருகல் வாசனை வரும். அது பிரேக் நன்றாகப் பதிகிறது என்பதற்கு அடையாளம் என்று அண்ணன் முன்பே எனக்குச் சொல்லியிருந்தான். முப்பது வருஷ மேஸ்திரிக்கு அந்த வாசனைக்கும் தோல் கருகும் வாசனைக்கும் வித்தியாசம் தெரியாதா? நன்றாகத் தெரியும். பயம் அவன் மூக்கையும் மூளையையும் சேர்த்து அடைத்துவிட்டது.

"இன்னாவோ கருகுதே மேஸ்திரி. தோல் மாதிரி இல்ல?" என்றேன், கடலையை மென்றுகொண்டே.

அவன் கயிற்றைப் பிடித்து இழுத்தான். முன்னால் மணி அடித்தது.

அண்ணன் நிறுத்தவில்லை. முன் ஜன்னல் வழியாக அவன் முதுகு தெரிந்தது. நேராக உட்கார்ந்திருந்தான். மறுபடி மணி. மறுபடி. போதகர் அவன் தோளைத் தொட்டு, "நிறுத்தப்பா, மணி அடிக்கிறாங்களே" என்பது காற்றில் கேட்டது.

"எண்ணிக்கினு இருக்கேன் ஐயா. கொஞ்சம் இருங்க" என்றான் அண்ணன்.

ஏழு. எட்டு. மூன்றாவது வளைவு தாண்டியது. வண்டி கொஞ்சம் வேகம் பிடித்தது, அண்ணன் பிடிக்க விட்டான். மேஸ்திரி கயிற்றை விடாமல் இன்னொரு கையால் முன் ஜன்னலைத் தள்ளித் திறந்தான். தலையை வெளியே நீட்டினான். மோட்டாருக்குக் கூரை மடித்திருந்ததால் ஒரு சொல் தப்பாமல் அவர்களுக்குக் கேட்டது.

"நிறுத்துடா! ஜெபதாசு, நிறுத்துடா! வலது சக்கரம் தோலுடா! லைனிங் இல்லடா, தோலு!"

அண்ணன் திரும்பவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே கத்தினான். "தெரிஞ்சு போட்டியா?"

"தெரிஞ்சுதான் போட்டேன்! பஸ்ஸுக்கு எடுத்துட்டேன்! நிறுத்துடா!"

"வயித்து வலியா?"

பதினான்கு. பதினைந்து.

"வலி இல்லடா! பொய்! பிடிக்காதுன்னு தெரியும், அதான் எறங்கினேன்! கர்த்தரே, நிறுத்துடா!"

"அவ ஏறினத பாத்தியா?"

நான் கடலையைக் கீழே போட்டுவிட்டேன். எனக்கும் இந்தக் கேள்விக்குத்தான் பதில் வேண்டியிருந்தது. அவன் கை தானாகவே கயிற்றை இழுத்தது. பதினாறு.

"பாத்தேன்" என்றான். கத்தவில்லை. "பாத்துக்கினுதான் நின்னேன்."

பதினேழாவது மணி அடித்தது. அண்ணன் காலை அழுத்தினான். இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பிடித்தன. டிரெய்லர் இப்படியும் அப்படியும் ஒரு விரல்கடை கூட ஆடாமல் நேராக நின்றது. அலமாரியில் ஒரு பாட்டில் கூட உருளவில்லை. பக்கத்து ஜன்னலுக்கு வெளியே அந்தப் பாறை இருந்தது.

அண்ணன் இறங்கி வந்து கொண்டியைத் திறந்தான். போதகர் பின்னாலேயே வந்தார். மேஸ்திரி பலகையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். அண்ணன் குனிந்து, அவன் கால் இடுக்கிலிருந்து தகரப் பெட்டியை இழுத்துத் திறந்து, கருகிய ஷூக்களை எடுத்துப் போதகர் கையில் கொடுத்தான்.

"இது அவர் வேலை ஐயா. இப்ப வண்டில இருக்கறது என் வேலை."

மேஸ்திரி ஷூவைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். புரிய அவனுக்கு நேரம் பிடித்தது. புரிந்ததும் அழ ஆரம்பித்தான். நான் மனசாரப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரக்கம் வரும் என்று சொல்வார்கள். எனக்கு வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் கோயிலில் எல்லோர் முன்னாலும் முழங்காலில் நின்று சொன்னான். ஒன்றையும் விடவில்லை, எல்லாவற்றையும் சொன்னான். சபைக்குப் புறம்பாக்கினார்கள், ஒர்க் ஷாப்பிலிருந்து நீக்கினார்கள். போதகர் எங்கள் வீட்டுக்கே வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அண்ணியின் கல்லறைக்கு அண்ணன் அன்றுதான் முதல் முறையாகப் போனான். மணியைக் கழற்றிக் கொண்டுபோயிருந்தான். என்ன செய்யப் போகிறான் என்று பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை, அதைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான்.

ஒரு வருஷம் கழித்து மேஸ்திரி மனம் திரும்பிவிட்டான் என்று சபை அவனை மறுபடி சேர்த்துக்கொண்டது. அந்த ஞாயிறு இராப்போஜனம். போதகர் வழக்கம்போல, யார் மேலாவது கசப்பு வைத்திருப்பவர்கள் முதலில் மன்னித்துவிட்டுப் பந்திக்கு வாருங்கள் என்றார். அண்ணனை இப்போது யாரும் தடுக்கவில்லை, எல்லோரும் வழி விட்டு ஒதுங்கிக்கூட நின்றார்கள். அவன் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"வா அண்ணா, உனக்கு இன்னா தடை?" என்று நான் கிசுகிசுத்தேன்.

"யாரும் தடுக்கல. நான் இன்னும் மன்னிக்கல. மன்னிச்சேன்னு பொய் சொல்லிக்கினு அங்க போயி நிக்கமாட்டேன்" என்றான்.

முன்னால் மேஸ்திரி அப்பத்தை வாங்கிக்கொண்டிருந்தான். செய்யாத குற்றத்துக்காக ஐந்து வருஷம் அந்தப் பெஞ்சுக்குத் தள்ளி வைக்கப்பட்டவன், அதற்கப்புறம் பதினெட்டு வருஷம் தானாகவே அங்கே உட்கார்ந்திருந்தான். சாகும் நாளில் போதகர் அப்பமும் திராட்சரசமும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, மேஸ்திரியை மன்னித்துவிட்டாயா என்று கேட்டார். அண்ணன் என் பக்கம் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தான். நான் போதகரைத் திரும்பிப் போகச் சொன்னேன்.